மாட்டுக்கு ஊசி போடும் முறை: தொடையை விடுங்கள், கழுத்துக்கு வாருங்கள்

நம் ஆட்கள் மாட்டுக்கு ஊசி போட நின்றால் கை தானாகப் போவது பின்தொடைக்குத்தான். தலையைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தோடு சேர்த்துக் கட்டியாயிற்று, பின்னால் பெரிய சதை தெரிகிறது, குத்திவிட்டு விலகிக்கொள்ளலாம், கொம்பு பயமும் இல்லை. அப்பா அப்படித்தான் போட்டார், அவருக்கு முன்னால் தோட்டத்து மாட்டுக்காரரும் அப்படித்தான் போட்டார். இறைச்சிக்குப் போகும் மாட்டுக்கு இந்தப் பழக்கம் மிகவும் கெடுதல். அதை மாற்றுவது எப்படி என்று, மருந்துப் புட்டியைக் கையில் எடுப்பதிலிருந்து காலி ஊசியைத் தூக்கிப் போடுவது வரை, ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கம், ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ என்று சுற்றுவட்டாரம் முழுக்க செம்பனைக்கு நடுவே மாடு மேய்க்கும் நம் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கெடா-கிளந்தான் மாடு, பிராமன் கலப்பு, சிலரிடம் பால் மாட்டில் பிறந்த காளைக் கன்றுகள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் சாயம் பூசிக் கும்பிடுகிறோம், அப்புறம் ஹரி ராயா ஹாஜி (பக்ரீத்) வரும்போது நல்ல விலைக்கு விற்கிறோம். நம்மில் பெரும்பாலானவர்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. அதனால் வெட்டும் இடத்தில் நாம் நிற்பதும் இல்லை. ஊசி போட்ட இடம் உள்ளே என்ன ஆனது என்பதை நாம் பார்க்கவே மாட்டோம், கசாப்புக் கடைக்காரர்தான் பார்ப்பார். இவ்வளவு காலம் இந்தத் தவறு திருத்தப்படாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு கசாப்புக் கடைக்காரர் எனக்கு ஒரு தொடைத் துண்டைக் காட்டினார். வெளியே பார்த்தால் அருமையான சிவப்புக் கறி. கத்தியை இழுத்தபோது நடுவில் ஒரு இடத்தில் கத்தி நின்றது. பிளந்து பார்த்தால் வெள்ளையாக நார் நாராக, கோழிமுட்டை அளவில் ஒரு திரட்சி, அதைச் சுற்றிக் கொழுப்பு படிந்து சதையின் நிறமே மாறியிருந்தது. சீழ் இல்லை, வாடை இல்லை, வெறும் வடு. அதை வெட்டி எறிந்தார், அதோடு ஒட்டியிருந்த நல்ல கறியையும் சேர்த்துத்தான் எறிய வேண்டியிருந்தது. சீழ்க்கட்டியாக இருந்து கத்தி பட்டு உடைந்திருந்தால் பலகை, கத்தி, பக்கத்துக் கறி எல்லாம் வீண்.

### உள்ளே என்னதான் நடக்கிறது

தசைக்குள் மருந்து போனால் அந்த இடத்துத் தசைநார்கள் சிதைகின்றன. உடம்பு அதை ஆற்றும்போது பழைய தசையை அப்படியே திருப்பிக் கொடுப்பதில்லை, வடுத்திசுவையும் கொழுப்பையும் வைத்து அடைக்கிறது. மருந்து கடுமையானதாக இருந்தால் சேதம் அதிகம், எண்ணெய் கலந்த தடுப்பூசி, நீண்டநாள் வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் இவையெல்லாம் அந்த வகை. ஆனால் வெறும் சுத்த நீரைச் செலுத்தினாலும் கொஞ்சம் சேதம் உண்டு. ‘இது வைட்டமின்தானே’ என்று தொடையில் போடுவதற்கு இதில் இடமே இல்லை.

அமெரிக்காவில் 1991-ல் நடந்த முதல் தேசிய மாட்டிறைச்சித் தர ஆய்வில் ஊசி வடு ஒரு பெரிய இழப்பாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். கன்றாக இருக்கும்போது போட்ட ஊசியின் வடு, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அறுக்கும்போதும் அப்படியே இருந்தது. வடு இருக்கும் இடம் மட்டுமல்ல, அதைச் சுற்றி ஏறக்குறைய 3 அங்குலம் வரை, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கறிகூட வெந்த பிறகு கடினமாக இருந்தது. வெட்டி எறிந்தால் எடை போச்சு, எறியாமல் விட்டால் வாங்கியவர் வீட்டுச் சட்டியில் வேகாத கறி. இரண்டுமே நம் பெயரைத்தான் கெடுக்கும். அங்கே அப்புறம் எல்லோரையும் கழுத்துக்கு மாற்றினார்கள், தொடையிலும் இடுப்பிலும் வடு வெகுவாகக் குறைந்தது.

ஏன் கழுத்து என்று கேட்டால் பதில் எளிது. கழுத்துக் கறி விலை குறைந்தது, எப்படியும் சிறுசிறு துண்டாக்கி நெடுநேரம் வேகவைக்கவோ அரைக்கவோதான் போகும், அதில் ஒரு வடு இருந்தால் கசாப்புக்காரர் எளிதாகப் பார்த்து எடுத்துவிடுவார். பின்தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் மாட்டிலேயே விலை கூடிய இடங்கள். அங்கே ஊசி போகக் கூடாது. கன்றுக்கும் கூடாது, கிழட்டுப் பசுவுக்கும் கூடாது, ஏனென்றால் பால் வற்றிய பசுவும் கடைசியில் இறைச்சிக்குத்தான் போகிறது.

### முதலில் கேட்க வேண்டியது: ஊசி தேவைதானா?

குடற்புழுவுக்கு வாயில் ஊற்றும் மருந்து இருக்கிறது, உண்ணிக்கு முதுகில் ஊற்றும் மருந்து இருக்கிறது. அவை போதுமென்றால் ஊசியே வேண்டாம். ஊசிதான் என்றால், லேபிளில் தோலுக்கடியில் போடலாம் என்று இருக்கிறதா பாருங்கள். தோலுக்கடியில், தசைக்குள் என்று இரண்டும் எழுதியிருந்தால் எப்போதும் தோலுக்கடியில்தான் போட வேண்டும், அப்போது தசைக்கே சேதம் இல்லை. தசைக்குள் மட்டும் என்றால் கழுத்துத் தசை. இரத்த நாளத்துக்குள் செலுத்தும் மருந்தை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

லேபிளை உண்மையிலேயே படியுங்கள். எவ்வளவு அளவு, எந்த வழி, எத்தனை நாள் விலக்கு (ஊசி போட்ட பிறகு அறுக்காமல் காத்திருக்க வேண்டிய நாள்), காலாவதித் தேதி, எந்தச் சூட்டில் வைப்பது, எல்லாம் அதில்தான் இருக்கிறது. மலேசியாவில் பதிவான மருந்தில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாத புட்டி, யாரோ எல்லைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்தது, லேபிள் கிழிந்தது, இவற்றைத் தொடவே வேண்டாம். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகள் உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குத் தடை செய்யப்பட்டவை, ‘இது ரொம்பப் பவர், ஒரே ஊசியில் எழுந்து நிற்கும்’ என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் எது, எத்தனை நாள் என்பதை வெட்னரி டாக்டர் சொல்ல வேண்டும், பக்கத்து லயத்து அண்ணன் சொல்லக் கூடாது.

### எடை தெரியாமல் அளவு தெரியாது

கண்ணால் பார்த்து ‘ஒரு 200 கிலோ இருக்கும்’ என்று சொல்வதில்தான் பாதிப் பிழை. குறைத்துப் போட்டால் நோய் தீராது, கிருமிக்கும் மருந்து பழகிப்போகும். கூட்டிப் போட்டால் லேபிளில் இருக்கும் விலக்கு நாள் கணக்கு செல்லாது.

தராசு இல்லாவிட்டால் தையல்கார டேப் போதும். முன்னங்காலுக்கு உடனே பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள், தோள்முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளம் அளந்துகொள்ளுங்கள், இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 130 என்று வையுங்கள். 150 × 150 × 130 = 29,25,000. வகுத்தால் 270 கிலோ.

இந்த 270 கிலோ மாட்டை வைத்தே அடுத்த கணக்கையும் பார்த்துவிடுவோம். நீண்டநாள் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின், ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் இருக்கும் வகை, பொதுவாக 10 கிலோ எடைக்கு 1 மில்லி. அப்படியென்றால் 27 மில்லி. இதை ஒரே இடத்தில் தள்ளுபவர்களை நான் பார்த்திருக்கிறேன், அடுத்த நாள் அந்த இடம் வீங்கி மாடு கழுத்தைத் திருப்பாது. ஓர் இடத்தில் 10 மில்லிக்கு மேல் போகக் கூடாது, லேபிளில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அந்தக் குறைவான அளவுதான். ஆக 27 மில்லியை மூன்றாகப் பிரித்து, 9 மில்லி வீதம் மூன்று இடம். இரண்டு இடப்பக்கக் கழுத்தில், ஒன்று வலப்பக்கத்தில். ஒரே பக்கத்தில் இரண்டு போடும்போது நடுவில் குறைந்தது நான்கு அங்குலம், அதாவது ஓர் உள்ளங்கை அகலம் விடுங்கள். நெருக்கிப் போட்டால் இரண்டு காயமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், மருந்தும் சரியாக உறிஞ்சப்படாது.

ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசி என்றால் 50 கிலோவுக்கு 1 மில்லி, நம் மாட்டுக்கு 5.4 மில்லி. அது தோலுக்கடியில் மட்டும் போடுவது, தசைக்குள் போடவே கூடாது.

### மருந்தைக் காப்பாற்றுவது

நம் ஊர் வெயிலுக்குத் தடுப்பூசி தாங்காது. பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, உறைந்துபோனதை உருக்கிப் போடுவதில் பயனில்லை, எண்ணெய்த் தடுப்பூசி உறைந்தால் பிரிந்துவிடும். வீட்டு ஐஸ் பெட்டியில் (பிரிட்ஜில்) வைத்தால் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். தோட்டத்துக்குள் கொண்டுபோக மூடியுள்ள ஐஸ் டப்பா, ஐஸ் கட்டிக்கும் புட்டிக்கும் நடுவில் ஒரு துணி. மோட்டார்சைக்கிள் கூடையில் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், சூடேறிய தடுப்பூசி வெறும் தண்ணீர்தான், போட்டோம் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும்.

தூளில் நீர் கலந்து போடும் உயிருள்ள தடுப்பூசி என்றால் கலந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பத்து மாட்டுக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், நிழலில் வையுங்கள், மெதுவாக ஆட்டுங்கள், நுரை வரக் குலுக்காதீர்கள். ஒரு தடுப்பூசியை இன்னொன்றோடு ஒரே சிரிஞ்சில் சேர்க்கவே கூடாது. எந்த மருந்தையும் இன்னொரு மருந்தோடு நாமாகக் கலக்கக் கூடாது.

### ஊசியும் சிரிஞ்சும்

கடையில் ‘மாட்டு ஊசி’ என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். நம்பர் சொல்லிக் கேளுங்கள். நம்பர் கூடக்கூட ஊசி மெலிசாகும். கன்றுக்கு 18, வளர்ந்த மாட்டுக்கு 16. தோலுக்கடியில் போட அரை அங்குலம் முதல் முக்கால் அங்குல நீளம் போதும். தசைக்குள் போட ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம், மெலிந்த மாட்டுக்கும் கன்றுக்கும் ஓர் அங்குலமே போதும். 14 நம்பர் தடி ஊசி வேகமாக ஏறும் என்று சிலர் விரும்புவார்கள், ஆனால் அதே ஓட்டை வழியாக மருந்து வெளியே கசியும், காயமும் பெரிது.

புதிய ஊசிதான் சுத்தமான ஊசி. பெரிய பண்ணைகளில் 10 முதல் 15 மாட்டுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள், அதற்குள் முனை மழுங்கினால், வளைந்தால், தரையில் விழுந்தால், சாணம் பட்டால் உடனே மாற்ற வேண்டும். ஐந்து, பத்து மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது மாட்டுக்கு ஒரு ஊசி. இரத்தத்தில் வாழும் அனாப்ளாஸ்மா, டிரிபனோசோமா போன்ற கிருமிகள் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஊசி வழியாகவே போகும், ஊசியின் விலையோ சில காசுகள்.

வளைந்த ஊசியை நிமிர்த்தி மறுபடி போடுவது மிகப் பெரிய தப்பு. வளைந்த இடத்தில் இரும்பு பலவீனமாகிவிடும், அடுத்த குத்தில் அங்கேதான் ஒடியும். அந்த விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

புட்டியிலிருந்து மருந்து எடுக்க ஒரு ஊசியை அதன் ரப்பர் மூடியிலேயே குத்தி வைத்துவிடுங்கள், அது எடுப்பதற்கு மட்டும். மாட்டில் ஏறிய ஊசி திரும்பப் புட்டிக்குள் போகவே கூடாது, போனால் மாட்டுத் தோலில் இருந்த அழுக்கு முழுப் புட்டிக்கும் போய் அடுத்தடுத்த மாட்டுக்கெல்லாம் சீழ்க்கட்டி வரும். வேலை முடிந்ததும் அந்த ஊசியையும் எடுத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சிரிஞ்ச் வைத்திருந்தால் உயிருள்ள தடுப்பூசிக்கு அதைச் சோப்பு, டெட்டால், ஸ்பிரிட் எதிலும் கழுவாதீர்கள். உள்ளே தங்கும் துளி மருந்தே தடுப்பூசியைக் கொன்றுவிடும். கொதித்த நீரில் பல தடவை அலசி, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

### மாட்டை நிறுத்துவது

ஊசி ஒடிவதும் இடம் தவறுவதும் கையால் அல்ல, மாடு அசைவதால். ஒரு கூண்டு இருந்தால் எல்லாம் சுலபம். பழைய இரும்புக் குழாயிலோ கெட்டியான மரத்திலோ, ஒரு மாடு நிற்கும் அகலத்தில், முன்னால் கழுத்தைப் பிடிக்கும் இரண்டு நெடுங்கட்டைகளோடு கட்டலாம். நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று கட்டிக்கொண்டால் செலவு பெரிதில்லை, குளுவாங்கில் கால்நடைத் துறை அலுவலகத்தில் கேட்டால் அளவு சொல்வார்கள்.

கூண்டு இல்லையென்றால் மூக்கணாங்கயிறோடு கழுத்துக் கயிறையும் போட்டு, தலையை மரத்துக்கு ஒட்டி, கொஞ்சம் ஒரு பக்கமாகத் திருப்பிக் கட்டுங்கள். இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் தலைப் பக்கம் பிடித்துக்கொண்டு மாட்டோடு பேசிக்கொண்டே இருக்கட்டும். அடிக்கக் கூடாது, வாலை முறுக்கக் கூடாது, பயந்த மாட்டின் தசை இறுகும், ஊசி ஏறாது, பயத்தில் விழுந்து புரண்டால் அதனாலேயே கறியில் இரத்தக் கட்டு வரும்.

நேரம் காலை. பிற்பகல் மழை நம் ஊரில் கேட்டுக்கொண்டு வராது, நனைந்து சேறு படிந்த தோலில் ஊசி போட்டால் சேற்றையும் உள்ளே தள்ளுகிறோம். தோல் ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவிடுங்கள், சாணம் ஒட்டியிருந்தால் அந்த இடத்தை விட்டு வேறு இடம் பாருங்கள்.

### கழுத்தில் எங்கே

கழுத்து என்றால் கழுத்தில் எங்கு வேண்டுமானாலும் இல்லை. மாட்டின் பக்கவாட்டில் நின்று கையால் தடவுங்கள். முதலில் தோள்பட்டை எலும்பின் முன் விளிம்பு தட்டுப்படும், அது பின் எல்லை. கழுத்தின் மேல் ஓரத்தில் கயிறு போல ஒரு கெட்டியான நார் தலையிலிருந்து திமில் வரை ஓடும், அது மேல் எல்லை. கீழே கழுத்தெலும்பு, காதின் பின்புறத்திலிருந்து தோள்முனையை நோக்கிச் சரிந்து இறங்கும், அது கீழ் எல்லை. இந்த மூன்றுக்கும் நடுவில் முன்பக்கம் ஒடுங்கி, தோள் பக்கம் அகன்ற ஒரு முக்கோணம் கிடைக்கும். மூன்று ஓரத்திலிருந்தும் சில விரல் தள்ளி, அதன் நடுவில்தான் ஊசி.

மேலே போனால் நாரில் குத்துவீர்கள், அங்கே இரத்த ஓட்டம் குறைவு, மருந்து தங்கிப்போய் கட்டியாகும். கீழே போனால் எலும்பு, அதற்கும் கீழே பெரிய இரத்தக் குழாய். பின்னால் போனால் தோள்பட்டைக் கறி கெடும். பிராமன் கலப்புக்குத் திமில் பெரிதாக எடுப்பாகத் தெரியும், அதில் ஊசி போடவே கூடாது. சாக்பீஸ் எடுத்து முதல் சில மாட்டுக்கு முக்கோணத்தை வரைந்து பாருங்கள், அப்புறம் கைக்கே தெரிந்துவிடும்.

### தோலுக்கடியில்

முக்கோணத்தின் நடுவில் தோலை விரல்களால் பிடித்து இழுத்தால் கூடாரம் மாதிரி எழும்பும். அந்தக் கூடாரத்தின் அடிவாரத்தில், ஊசியைச் சாய்வாக உள்ளே விடுங்கள். தோலைத் தாண்டும்போது ஒரு ‘பொட்’டென்ற உணர்வு விரலுக்குத் தெரியும், அதற்குப் பின் ஊசி முனை இடமும் வலமும் லேசாக அசைய வேண்டும். அசையாமல் இறுகி நின்றால் தசைக்குள் போய்விட்டது, கொஞ்சம் வெளியே இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் மருந்து வெளியே தெறித்தால் மறுபக்கத் தோலையும் துளைத்துவிட்டது என்று அர்த்தம். மெதுவாகத் தள்ளி, ஊசியை எடுத்த பின் அந்த இடத்தை விரலால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

தோலைப் பிடித்திருக்கும் விரல்கள் ஊசி போகும் திசைக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. மாடு ஒரு தடவை உதறினால் ஊசி உங்கள் விரலுக்குள் போய்விடும்.

### தசைக்குள்

ஊசியை தோலுக்கு நேராக, செங்குத்தாக, ஒரே வேகத்தில் இறக்குங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் மாடு துள்ளும். உள்ளே போனதும் சிரிஞ்சின் பின்தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பாருங்கள். இரத்தம் ஏறினால் குழாயில் இருக்கிறீர்கள், ஊசியை எடுத்து வேறு இடத்தில் போடுங்கள். இந்த ஒரு நொடி வேலையைத் தாண்டிப் போகாதீர்கள், புரோகேயின் பென்சிலின் இரத்தத்துக்குள் நேராகப் போனால் மாடு அங்கேயே வலிப்பு வந்து விழும், செத்தும் போகலாம். இரத்தம் இல்லையென்றால் மெதுவாகத் தள்ளுங்கள், மருந்து பரவ நேரம் கொடுங்கள், ஊசியை உடனே பிடுங்காமல் ஓரிரு நொடி வைத்து எடுங்கள்.

நம் தீபகற்பத்தில் அடிக்கடி போடுவது கோமாரித் தடுப்பூசி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி, 2021-ல் தோல் கழலை நோய் இங்கே வந்த பிறகு அதற்கும் ஒன்று. கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளில் எண்ணெய் கலந்தவை அதிகம், கட்டி வருவதற்கு வாய்ப்பும் அவற்றில்தான் அதிகம். ஆகவே கால்நடைத் துறை ஆள் வந்து போடும்போதும், ‘சார், கழுத்துல போடுங்க’ என்று தயங்காமல் சொல்லுங்கள். சொல்வதற்கு மாட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு.

### ஊசி ஒடிந்து உள்ளே போனால்

மாட்டை அவிழ்த்து விடாதீர்கள். முதல் வேலை அதுதான். ஊசி குத்திய இடத்தைச் சாயத்தாலோ மார்க்கர் பேனாவாலோ வட்டம் போடுங்கள். முனை வெளியே தெரிந்தால் இடுக்கியால் இழுக்கலாம், தெரியாவிட்டால் கத்தியால் கிளறாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒடிந்த ஊசி தசைக்குள் நகரும், நாளை வந்தால் இடம் மாறியிருக்கும்.

எடுக்க முடியவில்லை என்றால் அந்த மாடு இறைச்சிக்கு விற்கும் மாடு இல்லை. அதன் காது எண்ணோடு நோட்டில் எழுதி, சாகும் வரை உங்களிடமே இருக்க வேண்டியது. கஷ்டமான இழப்புதான், தெரிகிறது. ஆனால் ஒரு குழந்தையின் தட்டில் இரும்பு முனை வரும் என்று தெரிந்தே விற்க யாருக்கும் மனசு வராது.

### போட்ட பிறகு

அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். சில மாடுகளுக்கு ஒவ்வாமை வரும், உடம்பு நடுங்கும், வாயில் நுரை வழியும், மூச்சு இழுக்கும், கண் இமை வீங்கும், படுத்துவிடும். அப்போது யோசிக்க நேரமே கிடையாது. அட்ரினலின் கையில் வைத்திருப்பது பற்றியும் அதன் அளவு பற்றியும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள், மாடு விழுந்த பிறகு போனில் தேடினால் ஆகாது.

சின்ன வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். சூடாக, வலியாக, பெரிதாகிக்கொண்டே போனால் கிழிக்காதீர்கள், காட்டுங்கள்.

மனுஷனுக்கு ஏறினால்? எண்ணெய்த் தடுப்பூசி ஒரு சொட்டு விரலில் ஏறினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். ‘லேசாத்தான் குத்துச்சு’ என்று விட்டால் விரலே போகலாம். டில்மிகோசின் என்ற மருந்து மனிதருக்கு ஏறினால் இதயத்தை நிறுத்தும், அதை டாக்டர் தவிர யாரும் தொடாமல் இருப்பது நல்லது. சினைப் பருவத்தை ஒழுங்குபடுத்தப் போடும் புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அதன் பக்கமே வரக் கூடாது.

### நோட்டும் விலக்கு நாளும்

மருந்து உடம்பை விட்டு வெளியேற நாள் ஆகும். அதுவரை அறுக்கக் கூடாது. லேபிளில் ‘வித்ட்ராவல் பீரியட்’ என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க லேபிளில் நீண்டநாள் ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்கு 28 நாள், ஐவர்மெக்டின் ஊசிக்கு 35 நாள் என்று இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி, நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் புட்டியில் இருப்பதுதான் உங்களுக்குக் கணக்கு. கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல. தொடையில் போட்டாலோ, அளவைக் கூட்டிப் போட்டாலோ, ஓர் இடத்தில் அதிகமாகத் தள்ளினாலோ அந்த நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, மருந்து இன்னும் நீண்ட நாள் தங்கலாம். மலேசியாவில் 1983 உணவுச் சட்டத்தின் கீழ் வந்த 1985 உணவு விதிமுறைகளில் இறைச்சியில் மருந்து எச்சத்துக்கு வரம்பு இருக்கிறது, இது வெறும் மனசாட்சி சமாச்சாரம் மட்டும் இல்லை.

நம்மவர்களுக்கு இது முக்கியமாக இடிப்பது ஹரி ராயா ஹாஜி நேரத்தில். ஒவ்வொரு வருடமும் அந்த நாள் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். போன வருடம் இந்த மாதத்தில் புழு ஊசி போட்டோம், அதனால் இந்த வருடமும் இப்போதே போடலாம் என்றால் கணக்கு இடிக்கும். காலண்டரில் ஹாஜி நாளைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 35 நாள் என்றால் இரண்டு வாரம் கூடவே சேர்த்து ஐம்பது நாளுக்கு முன்பே எல்லா ஊசியையும் முடித்துவிடுவது என் வழக்கம். கொர்பானுக்கு (ஹாஜிப் பெருநாள் பலிக்கு) வாங்குகிறவர்கள் மாட்டை வாங்குவதே குறையில்லாத மாடு என்ற நம்பிக்கையில்தான். கழுத்தில் கட்டியோடு ஒரு மாடு நின்றால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நோட்டில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். தேதி, காது எண், மருந்தின் பெயர், புட்டியின் பேட்ச் எண், எத்தனை மில்லி, எந்தப் பக்கக் கழுத்து, யார் போட்டது, எந்தத் தேதிக்குப் பிறகு விற்கலாம். கடைசிக் கட்டத்தை அன்றே எண்ணி எழுதிவிடுங்கள், வியாபாரி லோரியோடு வந்து நிற்கும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மைகேப் (நல்ல பண்ணை நடைமுறைக்கான மலேசிய அரசுச் சான்று) சான்றிதழ் எடுக்க நினைப்பவர்களிடம் முதலில் கேட்கப்படுவதும் இந்த மாதிரிப் பதிவுதான். விற்கும்போது அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். விலக்கு நாள் இன்னும் முடியாத மாடு என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், வேறு மாட்டைக் காட்டுங்கள்.

பயன்படுத்திய ஊசிகளை லயத்துக்குப் பின்னால், செம்பனைச் சருகுக் குவியலில் எறிகிறவர்கள் இன்னும் உண்டு. அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள், புல் அறுப்பவர் கையை விடுகிறார். மூடியுள்ள காலி மைலோ டின் ஒன்றை மருந்துப் பெட்டியோடு வையுங்கள், ஊசிக்கு மூடி திரும்பப் போடப் பார்க்காமல் நேராக அதற்குள் போடுங்கள், நிறைந்ததும் டேப் ஒட்டி வெட்னரி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.